ஜப்பானுக்குப் போன இரும்புக்கல் கப்பல்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நைனா, அம்மா, சின்னம்மா, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த சின்னம்மாவின் அண்ணன், மெட்ராஸிலிருந்து தோல்பையோடு வந்த கப்பல் கம்பெனி ஆள், அப்புறம் நான். தூளியில் தூங்கிய தம்பியைச் சேர்த்தால் ஏழு. சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆறு என்றே இருக்கட்டும். சித்தப்பா இல்லை. அவர் இல்லாமல் போனதைப் பற்றிப் பேசத்தான் இத்தனை பேரும் கூடியிருந்தோம்.

சித்தப்பாவின் மேல் எனக்கு அப்போதே ஆத்திரம்தான். திருத்தணியில் பிறந்த மனுஷனுக்குக் கடலில் என்ன வேலை? எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் சரவணப் பொய்கை. அதை விட்டால் நந்தியாறு, அதில் வருஷத்தில் பத்து மாசம் மணல்தான் ஓடும். அண்ணன், அதாவது என் நைனா, மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிறார், கூட உட்கார்ந்து நாலு முழம் கட்டியிருக்கலாம். அதுவும் பிடிக்காமல் அரக்கோணத்தில் ஓட்டல் சமையலுக்குப் போனார். அங்கே யாரோ ஒரு புண்ணியவான், கப்பலில் சோறாக்கினால் மூன்று மடங்கு சம்பளம் என்று சொல்லிவைக்க, கல்யாணமான ஆறாம் மாசம் கப்பலேறிவிட்டார். கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்களாம். சின்னம்மா அந்த வார்த்தையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், ஏதோ கலெக்டர் உத்தியோகம் மாதிரி.

அந்தக் கப்பல் விசாகப்பட்டினத்தில் இரும்புக்கல்லை ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் புறப்பட்டது. நாலாம் நாள் வயர்லெஸ்ஸில் ‘எல்லாம் சுகம்’ என்று சொன்னது. அதோடு சரி. புயல் என்று சொல்லவில்லை, ஓட்டை என்று சொல்லவில்லை. ஆகாய விமானம் வைத்துத் தேடினார்களாம். ஒரு பலகை, ஒரு சட்டை, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், எதுவும் கிடைக்கவில்லை. மணவூர் ஸ்டேஷனில் நிற்கும் கூட்ஸ் வண்டியைவிடப் பெரிய சாமான் எப்படித் தொலையும் என்று நைனாவைக் கேட்டேன். “போய்ப் படி” என்றார். அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது, அது வேறு கதை.

தொலைந்த கப்பலைக் கண்டுபிடிக்க எங்கள் உறவில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். அம்மையார்குப்பத்து அத்தை வீட்டில், கப்பல் ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறது, அங்கே தென்னை மரம் இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு ஜோசியர் கிழக்கே இருக்கிறார் என்றார், இன்னொருவர் மேற்கே என்றார், இருவருக்கும் தட்சணை போனது. சீனாக்காரன் பிடித்து வைத்திருக்கிறான் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். நான் ராத்திரிச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சித்தப்பா சாப்பிட்டிருப்பாரா என்று கவலைப்பட்டேன். பண்டாரிக்குச் சோற்றுக்கு என்ன குறை என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை வருஷம் இப்படிப் போன பிறகுதான் கம்பெனி ஆள் காகிதத்தோடு வந்தார். கணவர் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு சின்னம்மா கையெழுத்துப் போட்டால் ஆறாயிரம் ரூபாய். மாசக் கடைசிக்குள் போடாவிட்டால் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இரண்டு தடவை தபாலில் வந்த காகிதத்தைச் சின்னம்மா தொடவே இல்லை. தொட்டால் தாலியை இறக்கவேண்டும், தலையில் பூ வைக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் கையாலேயே அவரை முடித்துவைத்ததாக ஆகும்.

“த பாரு, நீ போடாததால அவன் உயிரோட வந்துடப் போறானா?” என்றார் அவள் அண்ணன். நெசவுத் தறியை அப்படியே நிறுத்திவிட்டு வந்த கோபம் அவருக்கு.

“வந்துட்டா?”

“வந்தா பணத்தத் திருப்பிக் குடுத்துக்கலாம்மா.”

“ஆங்! செத்துட்டன்னு எழுதிக் குடுத்தவகிட்ட எந்த மூஞ்சிய வச்சிகினு வருவாரு?”

நைனாவுக்குப் பொறுமை போய்விட்டது. இந்த ஒன்றரை வருஷமும் கையெழுத்துப் போடச் சொல்லி அதிகம் கத்தியவர் அவர்தான். “தோ பாரும்மா, நான் இருக்கிற வரைக்கும் சோறு போடுவேன். அதுக்கப்புறம் இன்னா செய்வே? கடலாண்ட போயி கேப்பியா?”

“நீங்க கேளுங்க பாவா. உங்க தம்பிதானே.”

கம்பெனி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாதான் வழி சொன்னாள். பூக்கட்டிப் பார்த்துவிடலாம். வெள்ளைப் பூ வந்தால் இருக்கிறார், சிவப்பு வந்தால் இல்லை. முருகன் சொல்வதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. சின்னம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். கம்பெனி ஆள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய பையில் இதற்கு ஃபாரம் இருந்திருக்காது.

நைனா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழையிலைக் கிழிசலில் மல்லி ஒன்று, செவ்வரளி ஒன்று என இரண்டு பொட்டலங்கள் கட்டி நாரால் முடிந்தார். முருகன் படத்தின் முன்னால் வைத்து உருட்டினார். எடுக்கவேண்டியது நான். அறியாத பிள்ளை எடுத்தால்தான் பலிக்குமாம். நான் பூக்கடைக்காரர் மகள் என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. வீடே மல்லி வாசம்தான், இருந்தாலும் பொட்டலம் மூக்கருகே வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வெள்ளையையே எடுப்பதென்று முடிவு செய்திருந்தேன். சின்னம்மா அழுவதை என்னால் பார்க்க முடியாது.

கும்பிடுகிற சாக்கில் குனிந்து ஒன்றை முகர்ந்தேன். மல்லி. சந்தேகத்துக்கு மற்றதையும் முகர்ந்தேன். அதுவும் மல்லி.

திரும்பி நைனாவைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எடுடி” என்றாள் அம்மா. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தாள். வெள்ளை.

சின்னம்மா சத்தமில்லாமல் தரையில் நெற்றியை வைத்தாள். அவள் அண்ணன் மட்டும் விடவில்லை. “அந்தப் பொட்டலத்தையும் பிரிங்க, பாக்கலாம்.”

“சாமி சொன்னதுக்கப்புறம் இன்னொண்ண பிரிச்சா குத்தம்” என்றாள் அம்மா.

“இன்னா குத்தம்? யாரு சொன்னது?”

“எங்க ஊரு சாமி. எங்களுக்குத் தெரியாதா?”

அவர்கள் குரல் ஏறிய நேரத்தில் நான் அந்தப் பொட்டலத்தைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். துணிதுவைக்கும் கல்லின் மேல் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். மல்லிதான். நைனா பூவில் தப்பு செய்து நான் பார்த்ததே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு முல்லையையும் மல்லியையும் பிரிப்பவர். அவசரத்தில் தவறிவிட்டார், இனி சின்னம்மா சாகிறவரைக்கும் கையெழுத்துப் போடமாட்டாள், ஆறாயிரம் போய்விட்டது, அதற்கு நைனாவின் கையும் என் மூக்கும்தான் காரணம். அந்தப் பூவைக் கிணற்றில் போட்டேன். மிதந்தது. அதற்கும் பயந்து ஒரு வாளி தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன்.

திரும்பி வந்தால் சின்னம்மா பேனாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க சார் போடணும்?”

அவள் அண்ணன் எழுந்துவிட்டார். “பைத்தியமாடி நீ? உயிரோட இருக்காருன்னு சாமி சொல்லுது. செத்துட்டாருன்னு எழுதித் தர்றியா?”

“சாமி எங்கிட்ட சொல்லிச்சி. கம்பெனிக்கு இன்னாத்துக்கு அது?”

“ஒண்ணு பூவ நம்பு. இல்லன்னா பணத்த வாங்கு. ரெண்டும் வேணும்னா எப்படி?”

“எனக்குத் தெரியும்ணா. நீ போயி டீ குடி.”

ஒன்றரை வருஷம் வீட்டை ரெண்டாக்கிய சண்டை இப்படி முடிந்ததில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. செத்தார் என்றபோது போடமாட்டாளாம், இருக்கிறார் என்றதும் போடுகிறாளாம். பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்களோ. நைனா மைக்கூட்டை நகர்த்தி வைத்தார்.

கம்பெனி ஆள் முறைப்படி காகிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னார். ஆறாயிரம் நஷ்டஈடு. அதோடு சம்பள பாக்கி, மாசம் நானூற்று இருபது வீதம், கடைசி வயர்லெஸ் வந்த தேதி வரைக்கும்.

சின்னம்மா பேனாவைத் தூக்கிவிட்டாள். “கப்பலு ஜப்பானுக்கு என்னிக்கு சேரணும் சார்?”

“அதுக்கப்புறம் பதினோரு நாள் கழிச்சு, அம்மா.”

“அந்தப் பதினோரு நாளைக்குச் சம்பளம்?”

“கப்பல் இருந்ததுக்கு ஆதாரம் இல்லையேம்மா. எந்த நாள்ல போச்சுன்னே தெரியாது.”

“தெரியாதுல்ல? அப்ப நாலாம் நாளோட போச்சுன்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்? வயர்லெஸ் நின்னா பசி நின்னுடுமா? கப்பல்ல அத்தன பேரு இருந்தாங்களே, சோறு யாரு ஆக்கினது?”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார் அவர். போகட்டும் சார், ஆனா எழுதுங்க என்றாள் இவள். கடைசியில் காகிதத்தின் ஓரத்தில், பதினோரு நாள் சம்பளம் விதவை கோருகிறார் என்று அவர் எழுதினார். விதவை என்பதை அடித்துவிட்டு மனைவி என்று எழுதச் சொன்னாள். எழுதினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் கடையில் வழக்கம்போல ஒரு முழம் மல்லி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். ஊர் பேசியது, பேசி ஓய்ந்தது. ஆறாயிரம் வந்தது. ஒரு தையல் மிஷின் வாங்கினாள், மீதி போஸ்டாபீஸில் கிடந்தது. பதினோரு நாள் சம்பளம் மட்டும் வரவில்லை. மூன்று மாசத்துக்கு ஒரு கார்டு என்று நைனா கம்பெனிக்கு எழுதினார். எழுதும்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேதிகளை விரல்விட்டுச் சொல்லுவாள். நான் ஒரு தடவை கேட்டேன், இருக்கிறார் என்றால் இன்றைய தேதி வரைக்கும் கேட்கவேண்டியதுதானே, இல்லை என்றால் எதற்குக் கேட்பது, இந்தப் பதினோரு நாள் எந்தக் கணக்கு என்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள். “போய்த் தண்ணி தெளி, பூ வாடுது” என்றார் நைனா.

கையில் ஆறாயிரம் இருக்கும்போது இந்தச் சில்லறைக்கு இத்தனை கார்டா என்று எனக்கு அப்போது அலுப்பாக இருந்தது. கம்பெனி இரண்டு தடவை பதில் போட்டது, பரிசீலனையில் இருக்கிறது என்று. பிறகு கார்டுகள் திரும்பி வரத் தொடங்கின. கம்பெனியை மூடிவிட்டார்களாம். நைனா போய்ச் சேர்ந்த பிறகு எழுதும் வேலை எனக்கு வந்தது. யாருக்கு எழுதுவது என்று தெரியாமல், சின்னம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டுதான் இருந்தேன். நாளொன்றுக்குப் பதினாலு ரூபாய் வீதம், பதினோரு நாளைக்கு, இன்னும் வரவேண்டியது நூற்று ஐம்பத்து நான்கு ரூபாய்.