மணி சாரின் நாற்காலிக்குப் பின்னால்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. உதடு அசைய வேண்டும், முணுமுணுப்பு வெளியே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வரிகூட மண்டையில் ஏறாது. நான் பத்திரிகையைப் பிரித்தால் என் மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுவாள்... கதவையும் சாத்திக்கொண்டு.

இந்த வியாதியோடுதான் அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் பிரம்மச்சாரியாக இருந்தேன். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மெஸ்ஸுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கைத் துளைப்பது உருளைக்கிழங்கு ரோஸ்ட். அப்புறம் கூட்டம்.

டோக்கன் கிடையாது, க்யூ கிடையாது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர் எழுந்தால் இடம் நமக்கு. அதனால் இலையைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிப்போம். ரசத்தில் இருப்பவர் பரவாயில்லை. மோரில் இருப்பவர் உத்தமர்.

மணி சார் பின்னால் மட்டும் யாரும் நிற்க மாட்டார்கள். செம்பூர்க்காரர். வாயு என்று வீட்டில் உருளைக்கிழங்குக்குத் தடை, அதனால் இங்கே. வருகிற வழியில் மனைவிக்காக வாங்கிய தமிழ் வாரப் பத்திரிகையைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊர்கோலம் போகிற வேகத்தில் சாப்பிடுவார்.

நான் அவர் பின்னால்தான் நிற்பேன். ஸ்டேஷன் கடைக்கு வரும் பிரதிகள் நான் போவதற்குள் தீர்ந்துவிடும். அதில் வந்த தொடர்கதையோ உயிரை வாங்கியது. கல்யாணத்துக்கு முதல் நாள் பம்பாய் ரயிலில் ஏறிவிட்ட வசந்தி என்ற பெண்ணின் கதை. அவர் தோளுக்கு மேலே குனிந்து முணுமுணுவென்று படிப்பேன். நான் கடைசி வரியை முடிக்கவும், மணி சாரின் இடது கை பக்கத்தைத் திருப்பவும் அப்படி ஒரு பொருத்தம்! என் வேகத்திலேயே படிக்கிற இன்னொரு ஜீவன் இந்த ஊரில் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோகும்.

கடைசி அத்தியாயம் வந்த சனிக்கிழமை, ரயில் குண்டக்கல்லில் நிற்கிறது. வசந்தியின் அப்பா அதே பிளாட்பாரத்தில். இறங்குவாளா, மாட்டாளா? மணி சாரின் இலை காலி.

"மணி சார், இலை காஞ்சு போச்சு. இது மெஸ்ஸா, லைப்ரரியா?" என்றார் மானேஜர்.

"யாரு சொன்னா? இன்னும் கொஞ்சம் மோர்சாதம் போடச் சொல்லும் ஓய்."

அது மூன்றாவது மோர்சாதம். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டார்.

மானேஜர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். வேகமான பாட்டு போட்டால் ஜனங்கள் வேகமாகச் சாப்பிடுவார்கள் என்பது அவர் சித்தாந்தம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு ஏற ஏற நானும் ஏறினேன். எதிர் வரிசையில் ஒருவர் கை வாய்க்குப் போகாமல் நின்றது. சாம்பார் வாளியோடு வந்த சங்கரன் அப்படியே நின்றான்.

மானேஜரின் கை மறுபடி ரேடியோவுக்குப் போனது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அணைத்துவிட்டார்!

"ம்... மேல படியும். எறங்கினாளா, இல்லியா?"

இறங்கவில்லை. அப்பா கூப்பிடக் கூப்பிட ரயில் கிளம்பிவிட்டது. எங்கள் பக்கத்து ஸ்டேஷன் தாதரில் வந்து இறங்கினாள். மெஸ்ஸே கை தட்டியது, எச்சில் கையோடு.

"பசியோட வந்திருப்பா. இங்கதான் வருவா பாருங்கோ," என்றான் சங்கரன்.

இப்போது எல்லாம் கைபேசியில். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் என் விரலே தள்ளிக்கொள்கிறது. ஆனால், முடித்துவிட்டேனா என்று பார்த்துத் திருப்ப ஒரு கை இல்லை... வீட்டு நாற்காலிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.

ஆங், ஒன்று விட்டுப்போயிற்று. என் கல்யாணத்துக்கு மணி சார் மனைவியோடு வந்திருந்தார். "மாமி, சாரை மாதிரி ஒரு வரி விடாம ரசிச்சுப் படிக்கிறவாளை நான் பாத்ததே இல்லை," என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரா? பாலக்காட்டுல மலையாளம் படிச்சவராக்கும். தமிழ்ல ஓரெழுத்து வாசிக்கத் தெரியாதே!"