என் மூச்சுக்கு மகனின் சம்மதம்

அடுத்த வாரம் அந்தமானில் டிரிஃப்ட் டைவிங் போகிறேன். முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் இறங்கி, பவளப்பாறைகளின் மேல் நீரோட்டம் கொண்டுபோகும் பக்கம் மிதந்து போவது. என் வயதுக்கு டாக்டர் கையெழுத்து இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள். இன்று தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் படிவத்தை நீட்டினேன்.

"பேரனுக்கா பாட்டி?"

"எனக்கு. பாட்டி வேண்டாம், மேடம் போதும்."

"தண்ணி இழுத்துட்டுப் போயிடுமேங்க!"

"அதுக்குத்தான் போறேன். படகு பின்னாலயே வரும்."

"இந்த வயசுல அம்மா மண்டபத்துல ரெண்டு முழுக்குப் போட்டாப் போதாதா? பையன வரச் சொல்லுங்க. அவர் சரின்னா கையெழுத்துப் போடறேன்."

"மூச்சு விடப்போறது என் நுரையீரல். முதல்ல அதைப் பாருங்க."

அதன் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்திலிருந்து இறங்கியது. நெஞ்சு, காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்காததில் அவருக்கு உண்மையிலேயே வருத்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே "மகன் துணையுடன் மட்டும்" என்று சேர்த்தார்.

என் மகனுக்கு நாற்பத்தாறு வயது. முக்கொம்பில் முழங்கால் தண்ணீருக்கே என் கையைப் பிடித்துக்கொள்வான்.

அந்த வரியை அவர் பேனாவாலேயே அடிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உங்கள் டாக்டர்களாவது உங்கள் நெஞ்சைப் பற்றி உங்களிடமே விசாரிக்கிறார்களா?