பொங்கலுக்கு வந்த பூசணி

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் ஒரு துண்டு நிலம். என் அப்பா சீதனமாக என் பேருக்கு எழுதிக் கொடுத்தது. எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை உரித்துக் கொடுக்கிற ஒருவன், பட்டை காயப்போட இடம் கேட்டு அப்பா காலத்திலேயே அங்கே வந்தான். அப்பாவும் சரி என்றார். பட்டைக்குக் காவல் என்று ஒரு குடிசை போட்டான். பிறகு குடிசையைச் சுற்றி வேலி வந்தது. காய்கிற பட்டைக்கு எதற்கு வேலி? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

பொங்கலுக்குப் பொங்கல், குடிசைக் கூரையில் காய்த்த முதல் பூசணியை நிலத்துக்காரர் வாசலில் கொண்டுவந்து வைப்பான். இடம் உங்களுடையது என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் அது. அப்பா இருந்தவரை வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு பூசணி என் வீட்டுக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் சந்தேகத்தில் என்னையும் மிஞ்சியவர். "இத்த வாங்கினா, அவன் குடியிருக்க நாமளே ஒத்துக்கினா மாதிரி ஆய்டும்" என்று என் காதில் சொன்னார். வெளியே போய், "எடுத்துக்கினு போ. எடத்தையும் காலி பண்ணு" என்று விரட்டினார்.

அவன் பூசணியை எடுத்துக்கொண்டு போனான். இடத்தைக் காலி செய்யவில்லை. அடுத்த பொங்கலுக்கு எட்டிப் பார்க்கவும் இல்லை. ரோஷமா, அல்லது யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்களும் இன்று போவான் நாளை போவான் என்று இருந்துவிட்டோம்.

அங்கே செங்கல் சுவர் எழும்பிய பிறகுதான் வேலூர் வக்கீலிடம் ஓடினோம்.

"பூசணிய வாங்கிக்கினே இருந்திருந்தா, உங்க தயவுல இருக்கான்னு வாதாடியிருப்பேன்" என்றார் அவர். "வெரட்டின அன்னிலேருந்து அவன் தன் இஷ்டத்துக்கு இருந்திருக்கான். பன்னெண்டு வருஷம் தாண்டிப்போச்சு, சட்டப்படி எடம் இனிமே அவனுக்குத்தான். அதுவரைக்கும் இன்னா பண்ணிங்க?"

வீட்டுக்காரர் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கு தோற்றது. கோர்ட்டு வாசலில் அவன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, ஒங்க அப்பாரு மனசு வச்ச எடம். நீங்க எப்ப வேணா வந்து பாத்துட்டுப் போலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மரியாதையா நக்கலா என்று அவன் முகத்தில் தேடினேன். பிடிபடவில்லை. என் நிலத்தில் நான் கால் வைக்க அவன் எனக்கு அனுமதி கொடுக்கிறான் என்பது மட்டும் புரிந்தது.