கரட்டோடைத் தண்ணீர்

மஞ்சள் கரைத்த பித்தளைச் செம்போடு அம்மா எங்கள் ஓடைக்கரையில் நின்றது ஒரே ஒரு ஐப்பசியில்தான். மற்ற வருஷங்களில் எல்லாம் புதுத் தண்ணீருக்கு மஞ்சள் ஊற்ற அவள் நின்றது அக்காவின் ஓடையில்.

எங்கள் பக்கத்தில் ஓடைகள் இரண்டு. ஒன்று கொல்லிமலைச் சரிவிலிருந்து இறங்கும் மலையோடை. வழியில் நாலைந்து சின்னப் பள்ளங்களின் தண்ணீரும் வந்து சேர்வதால், மழை நின்ற பிறகும் தை வரை அதில் தண்ணீர் ஓடும். இன்னொன்று மொட்டைக் கரடு என்ற சின்னப் பாறைக் குன்றிலிருந்து வரும் கரட்டோடை. மழை பெய்தால் ஓடும், வெயில் அடித்தால் வெறும் மணல். அக்காவை மலையோடைக் கரையிலும் என்னைக் கரட்டோடைக் கரையிலும் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு ஓடையும் எங்கள் வெள்ளாமைக் காட்டுக்குக் கீழே கூடுகின்றன. கூடிய பிறகு ஏரி வரை பெயர் மலையோடை மட்டும்தான். என் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு பெயரை அவள் ஓடை வைத்துக்கொண்டதில் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல் உண்டு.

எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பா போன பிறகு அம்மா அக்கா வீட்டோடு இருந்துவிட்டாள். நான் எத்தனை முறை போய்க் கூப்பிட்டாலும், "இங்கதான் காலு நனைக்கத் தண்ணி ஓடுது சாமி" என்பாள். ஓடையெல்லாம் சாக்கு, மனசு மூத்தவளிடம்தான் என்று நான் பொருமுவேன்.

அந்த ஐப்பசியில் மலையில் மழை இல்லை. கரட்டின் மேல் கொட்டித் தீர்த்தது. மலையோடை காய்ந்து கிடக்க, என் ஓடை கரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. நானே போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். இனி சாக்கு ஏது என்று அவளுடைய புடவைகள் அத்தனையையும் பையில் திணித்துக்கொண்டேன். மஞ்சள் ஊற்றிய கையோடு அவள் கரையோரமாகவே ஓடைகள் கூடும் இடம் வரை நடந்தாள். அங்கே என் தண்ணீர் ஏரிப் பக்கம் திரும்பியது போக, கொஞ்சம் எதிர்ப்பக்கமாக மலையோடையின் காய்ந்த மணலுக்குள்ளும் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்காளுக்கும் கொஞ்சம் ஏறுது பாரு சாமி" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அந்த வாரமே, மாடு கன்றுக்குத் தண்ணீர் இல்லாமல் அக்கா தவிப்பாள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். தண்ணீர் இருந்தபோது இருக்கிறது என்று அங்கே இருந்தவள், இப்போது இல்லை என்று அங்கேயே போனாள்.

அம்மா இறந்து சில வருஷம் ஆகிறது. இந்த ஐப்பசியிலும் கரட்டில் மட்டும்தான் மழை. அக்கா நடந்து வந்து, ஓடைகள் கூடும் இடத்தில் என் பக்கத்தில் நின்றாள். பிறகு, "அம்மா எங்கூட்டுல இருந்தாள்னு பேருதான். உன்ற ஓடை வரலைன்னா அவளுக்குச் சோறு எறங்காது. எங்காட்டு வெள்ளாமை என்னாச்சுன்னு ஒருநாளும் கேட்டதில்ல" என்றாள். என் வயிற்றில் இத்தனை காலம் எரிந்தது அவள் குரலிலும் எரிந்தது.

கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைக்கும் வரைதான் அந்த நிறைவு. இதைப் போய் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாளே என்று, மறுபடியும் அவள்மேல் ஆத்திரம் வந்தது.