வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்: சமத்துவம்

எல்லோரும் சமம் என்று பாடம் நடத்துவதில் ஒரு சங்கடம் உண்டு: கணக்கில் போட்ட விடை வீட்டுக்குப் போனாலும் அதே விடைதான், நம் பாடத்தில் அப்படியில்லை. வகுப்பில் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இரவல் பீரியட்

வெளிநாட்டுப் பள்ளிகளில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஊர் திரும்பியவள் நான். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் பாகுபாடு, சமூக நீதி பற்றிப் பேசலாமா என்று தாளாளரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைத் தந்தார். அதுவரை அது விளையாட்டு ஆசிரியர் பழனிசாமியுடையது.

அரையாண்டுத் தேர்வு வரை பார்ப்போம், பெற்றோர் ஒருவர் வந்து குறை சொன்னாலும் பீரியட் பழையபடி மைதானத்துக்கே போய்விடும் என்று ஏற்பாடு. இப்படிப்பட்ட உத்தரவாதங்களில் வேலை பார்ப்பது உங்களுக்கும் புதிதாக இருக்காது. தாளாளர் எழுந்து நின்று வழியனுப்பினார்: "நல்லதச் சொல்லிக் குடுங்க டீச்சர். ஆனா ஆரு மனசும் நோகாமச் சொல்லிப்போடுங்க."

நாலாவது கேள்வி

முதல் வகுப்பில், வெளிநாட்டில் நன்றாக ஓடிய ஒரு பயிற்சியைக் கொடுத்தேன். அதிகம் பழகாத ஒருவரிடம் போய்க் கேள்வி கேட்டு, இருவருக்கும் பொதுவான ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐஸ்கிரீம், கிரிக்கெட், பூனைக்குட்டி என்று பதில் வரும் என நினைத்திருந்தேன். பிள்ளைகளோ கல்யாணப் பந்தியில் பெரியவர்கள் விசாரிப்பதைப் போலவே விசாரித்தார்கள். எந்த ஊரு? ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா? அப்பா என்ன பண்றாங்க? உங்களுக்கு எந்தக் கோயிலு?

கோயில் என்றால் குலதெய்வம். இந்த நாலாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் போதும். ஒருவர் யார், யாருக்குச் சொந்தம், யார் வீட்டில் எதுவரை வரலாம் எல்லாம் நம் பக்கத்தில் விளங்கிவிடும். சாதியை ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதையான விசாரணை. "டீச்சர், நானும் இவளும் பங்காளிங்க!" என்று இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டார்கள். மணி அடிப்பதற்குள் வகுப்பு தானாகவே இடம் மாறி, சொந்தம் சொந்தமாக உட்கார்ந்திருந்தது. எந்தக் கோயிலும் பொருந்தாத சிலர் சன்னலோரம் மிஞ்சியிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஊர், தோட்டம், அப்பா வேலை, கோயில் நான்கையும் தடை செய்துவிட்டு அதே பயிற்சியைத் தொடங்கினேன். முன்வரிசைக் கனிஷ்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்புறம் ஒருத்தர்கிட்டக் கேக்கறதுக்கு என்னதான் டீச்சர் இருக்குது?"

ஓனர் படம்

ஒரு பட்டறை முதலாளியை வரையச் சொன்னேன். எல்லாத் தாளிலும் வெள்ளைச் சட்டை, மீசை. வரைந்தவர்களில் ஒருவன் பிரணவ். அவன் அம்மா நடத்தும் லேத் பட்டறைக்கு நானே போயிருக்கிறேன். கிரீஸ் கையோடு வந்து 'வாங்க' என்று அழைத்தவர். "உங்க அம்மாதானே பட்டறை நடத்தறாங்க?" என்றேன். அவனுக்குக் குழப்பமே இல்லை: "அம்மா பாத்துக்கறாங்க டீச்சர். ஓனரு அப்பாதான். அவரு சாயங்காலம் வந்து உக்காருவாரு."

காத்திருப்பவர்

பழனிசாமி சார் நல்ல மனிதர். வாராவாரம் வராந்தாவில், கக்கத்தில் பந்தோடு நிற்பார். என் மேல் கோபமெல்லாம் கிடையாது. அக்கறையாகவே விசாரிப்பார்: "ஏனுங்க டீச்சர், இன்னும் ஆரும் கம்ப்ளெயிண்ட்டுக்கு வரலீங்களா?"

ஒரே செட்டு

வீட்டுக்கு வேலைக்கு வருகிற ஒருவரை உட்கார வைத்து, விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு வாருங்கள் என்றேன். கனிஷ்கா வீட்டை ஒட்டியே அவள் அப்பாவின் தறிக்கூடம். அங்கே நூல் சுற்ற வருகிற மேரியக்காவுக்கு வாசல் குழாயடியில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, தாய்மாமன் குடும்பம் வந்திருந்த நேரமாகப் பார்த்து, கனிஷ்கா மேரியக்காவை வீட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து வீட்டு டம்ளரில் காப்பி கொடுத்திருக்கிறாள். அதோடு நிறுத்தவில்லை. வெளியே இருந்த டம்ளரைக் கழுவி, சமையலறை அலமாரியில் மற்றவற்றோடு வைத்துவிட்டாள். எல்லாம் ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய டம்ளர்கள்.

திங்கட்கிழமை பள்ளிப் படிக்கட்டில் வைத்து கனிஷ்கா இதைச் சொன்னாள். பீரியட் போனால் போகட்டும், மேரியக்கா வேலை என்ன ஆகும்? "அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன். மேரியக்கா சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "என்னைய உக்கார வெச்சுப்போட்டு நீ நின்னுட்டிருந்தா எனக்கெப்பிடி எறங்கும்? நீயும் உக்காரு அம்மணி."

மைக்கில் சொல்ல முடியாதது

புதன்கிழமை கனிஷ்காவின் அப்பா வந்துவிட்டார். தாளாளர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகிற வழியில் பழனிசாமி சார் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"பாடம்னா பள்ளிக்கூடத்தோட இருக்கோணுமுங்க டீச்சர். மச்சினன் முன்னாடி என்ற மானத்த வாங்கிப்போட்டா என்ற பொண்ணு" என்று கனிஷ்காவின் அப்பா ஆரம்பித்தார். "அதுகூடப் பரவால்லீங்க. அந்த டம்ளரக் கொண்டாந்து மத்ததோட கலந்துபோட்டாளே! எது அதுன்னு கண்டுபுடிக்க முடியல. ஊட்டுக்காரி பேப்பர் கப்புல குடிக்கறா. நான் காப்பியே வேண்டாம்னுட்டேன்."

"இப்பவுமா?" என்றார் தாளாளர், நிஜமான கவலையோடு.

"நேத்துத் தலவலி தாங்கலீங்க. ஒண்ண எடுத்துக் குடிச்சுப்போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்னங்க, தலவலி போயிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மேரியக்கா வேலைக்கு வருகிறாரா என்று கேட்டேன். "வராம? அவ இல்லீன்னா தறி ஓடாதுங்களே" என்றார். எதில் காப்பி குடிக்கிறார் என்றும் கேட்டேன். "கைக்கு எது கெடைக்குதோ அதுலதானுங்க. எது தனின்னு இனி ஆரு கண்டா?" என்றார்.

தாளாளர் தொண்டையைச் செருமினார். அறைக்குள் சொன்னதைக் கணக்கில் எடுக்க முடியாது, சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, இந்தப் பீரியட் ஏன் வேண்டாம் என்பதை எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லிவிடுங்கள், அன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றார். கனிஷ்காவின் அப்பா எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், கதவுவரை போனார். பிறகு திரும்பினார்: "மைக்குல டம்ளருன்னு ஆரம்பிச்சா, உங்கூட்ல தனி டம்ளரான்னு எவனாச்சும் கேட்டுப்போடுவானுங்க. வேண்டாம் உடுங்க, கிளாஸு அதுபாட்டுக்கு நடக்கட்டும்."

பாடம் பதிந்ததா என்று கேட்காதீர்கள், பீரியட் பிழைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அதற்குமேல் எதிர்பார்க்கிறவர்கள் ஆசிரியர் வேலைக்கே புதியவர்கள்.