அசையாமல் நின்ற விலை

சண்டை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த 2009ஆம் ஆண்டு அது. கல்லடியில் ஒரு நெற் கபே, காசு கொடுத்து இணையம் பார்க்கும் கடை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தினமும் அங்கே போய் உட்காருவேன். லண்டன் சந்தை திறக்கும் நேரம். சுனாமி கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்ட என் கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் ஒரு பங்கை, இணையத்தில் நடக்கும் வெளிநாட்டு நாணய வியாபாரத்தில் போட்டிருந்தேன். கள்ளமாக இல்லை, இருவரும் பேசித்தான். சுவர் எழும்பி நின்றது. கூரை அந்தக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும்.

எல்லாம் நானாகவே இணையத்தில் படித்தது. விலை ஏறி இறங்கும் கோடு, நடுவில் ஒரு தலையும் இரு பக்கமும் தோள்களும் போல வந்தால், தோள்களுக்கு அடியில் ஓடும் கழுத்துக் கோட்டை உடைத்துக்கொண்டு விழும் என்பார்கள். விழப்போகிறது என்றால் முதலில் விற்றுவைத்து, இறங்கியபின் திரும்ப வாங்கி மூடினால் லாபம்; ஏறினால் நஷ்டம். ஆரம்பத்தில் கோடு உடைந்த உடனே விற்று மாட்டிக்கொள்வேன். போகப்போகப் பொறுமை வந்தது. உடைந்த விலை திரும்பி வந்து, கோட்டைத் தொட்டு, மறுபடி சறுக்கும்வரை காத்திருக்கப் பழகினேன். நுழைவது கைவந்துவிட்டது. வெளியேறுவதில்தான் கெட்டித்தனம் காட்டப் போனேன். நஷ்டத்தைத் தானாக நிறுத்தும் ஸ்டாப்பை வலது தோளுக்கு மேலே வைத்தால், விலை ஒரு துள்ளுத் துள்ளி அதைத் தட்டிவிட்டு, பிறகு நான் நினைத்த பக்கமே இறங்கும். அந்தக் கோபத்தில் அன்றைக்கு ஸ்டாப்பே வைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால்தானே இருக்கிறது, தேவையென்றால் நானே மூடுவேன் என்று இருந்துவிட்டேன்.

விற்றேன். விலை கொஞ்சம் இறங்கியது. பிறகு அசையவே இல்லை. சந்தை அமைதியாக இருக்கிறதாக்கும் என்று நானும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கடைக்காரத் தம்பி சிரித்தார்.

“என்னத்த அப்படிப் பாக்கிறீங்க அக்கா? நெற் லைன் போய்க் கனநேரம். அது வெறும் படம்!”

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். “எப்ப தம்பி வரும்?”

“கொம்பனிக்காரரக் கேட்டா இப்ப வரும் எண்டுதான் சொல்லுவாங்க. நீங்க டவுனுக்குப் போங்க, அங்க லைன் இருக்கும்.”

ஓட்டோ பிடித்தேன். கல்லடிப் பாலம் அப்போது ஒடுங்கிய இரும்புப் பாலம். அந்தப் பக்கத்து வாகனங்கள் வந்து முடிந்தால்தான் இந்தப் பக்கம் விடுவார்கள். பஸ், லொறி, மாட்டு வண்டில் என்று எதிரே வந்துகொண்டே இருந்தன.

“கொஞ்சம் கெதியாப் போகேலாதா?”

“பாலத்த அகலமாக்கிப்போட்டு வாறன், இருங்க அக்கா” என்றார் ஓட்டோக்காரர்.

இருக்க முடியவில்லை. இறங்கி, பாலத்தின் ஓரத்தால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாவிக் காற்றில் சேலை காலைச் சுற்றியது. விலை இறங்குகிறதா, ஏறுகிறதா? அது மட்டும்தான் மண்டைக்குள்.

டவுன் நெற் கபேயில் ஒரு கதிரையும் காலி இல்லை. “ஆராவது கொஞ்சம் எழும்புங்க, எல்லாம் கைவிட்டுப் போகப்போகுது!” என்று கத்தியே விட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் எழும்பினாள். இடுப்பில் புதுச்சட்டை போட்ட கைக்குழந்தை. திரையில் அவளுடைய கணவன், எங்கோ வெளிநாட்டில், குழந்தையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான்.

“மறுகா கதைக்கிறன், இஞ்ச ஒரு அக்காக்கு அவசரம்” என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். “இருங்க அக்கா. அவர் எங்க போகப்போறார்?”

கடவுச்சொல்லைப் பிழைபிழையாக அடித்து ஒருபடியாக உள்ளே போனேன். விலை வலது தோளைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கணக்கில் பாதி கரைந்திருந்தது. மூடினேன். மீதி தப்பியது.

கதிரையை அவளிடம் கொடுத்தேன். திரும்ப அழைத்தாள். பதில் இல்லை. மறுபடியும் அழைத்தாள்.

“அங்க எல்லாருக்கும் ஒரு கம்பியூட்டர்தான். அடுத்த ஆள் வந்து இருந்திருப்பார்” என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள், “ஆருக்கக்கா சுகமில்ல?”

“ஒருத்தருக்கும் இல்ல புள்ள. காசு வியாபாரம்.”

குழந்தையின் புதுச்சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். “நான் ஆரோ ஆஸ்பத்திரியில எண்டு நினைச்சிட்டன்.” ஒரு சொல் ஏசவில்லை. “பரவாயில்ல, இவள்ற முகத்தக் கொஞ்சமாவது கண்டுட்டார்தானே” என்று தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவளை அதன்பிறகு நான் காணவில்லை.

கூரை பிந்தித்தான் ஏறியது. வியாபாரத்தை நான் விடவில்லை. ஆனால் இன்றுவரை ஸ்டாப் வைக்காமல் எதையும் திறந்துவைப்பதில்லை. விலை துள்ளித் தட்டினால் தட்டட்டும், என்னுடைய கெட்டித்தனத்துக்காக இன்னொருத்தி தன் கணவனின் முகத்துக்கு முன்னாலிருந்து எழும்பிப் போகக் கூடாது.