அடைகாத்த வண்டி

லிஃப்ட் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'இன்னொருதடவை' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கம்பி சரியாக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து முடித்து, மற்றவர்கள் கருவிகளைப் பையில் போட்டு மூடிய பிறகும், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேனே" என்று மறுபடி லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கிவிடுவார். கேலி செய்தார்கள். ஆனாலும் அவர் பார்த்த லிஃப்டில் ஏறத்தான் எல்லோருக்கும் மனசு ஒப்பும்.

ஓய்வு பெற்றதும் அவரும் மனைவியும் ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி வீடாக்கினார்கள். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஸ்டியரிங் அவள் கையில். உள்ளே இருக்கும் மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. கூரையில் மூன்று சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரி, பக்கத்தில் இன்வெர்ட்டர், சமையல் மேடைக்கு மேலே சின்ன மீட்டர். வெயில் எவ்வளவு வருகிறது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று அந்த மீட்டர் சொல்லும். காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"கல்யாணமான புதுசுலகூட என் மூஞ்சிய இப்படிப் பாத்ததில்ல," என்பாள் அவள்.

"பாதிக்குக் கீழ இறங்கிட்டா இந்த பேட்டரி வீணாயிடும்மா. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். விளக்கைப் போட்டா திட்டு விழும்."

அவர்களுடைய மகள் தூரத்துக் கடற்கரை ஒன்றில் பறவைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். அந்தக் கோடையின் முடிவில் அவளிடமிருந்து போன் வந்தது. அப்பாவும் அம்மாவும் இருந்த ஊருக்குப் பக்கத்துச் சதுப்பில் வெள்ளம் ஏறி, அருகிவரும் நீர்ப்பறவை ஒன்றின் கூடு முழுகப் போயிருக்கிறது. யாரோ முட்டைகளை எடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆறு முட்டை. அதை அடைகாக்கும் பெட்டியில் வைத்துக் காப்பகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

"காருல கொண்டுவர முடியாதுப்பா. பெட்டிக்கு விடாம கரண்ட் வேணும். உங்க வண்டியிலதான் அது இருக்கு. ரெண்டு நாள்தான். சூடு குறையக் கூடாது. ஏறவும் கூடாது. ஏறினா இன்னும் ஆபத்து."

அவர் மீட்டரை நிமிர்ந்து பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவிதான் போனை வாங்கி, "கொண்டுவர்றோம்டி, வை," என்றாள்.

பெட்டி வந்தது. மூடியில் கண்ணாடி, உள்ளே சாம்பல் நிறத்தில் புள்ளி போட்ட ஆறு முட்டை. அதைச் சாப்பாட்டு மேசையில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினார். குலுங்காமல் இருக்கக் கீழே இரண்டு தலையணை. முதல் நாள் வெயில் அடித்தது. மீட்டர் நிறைந்தது. அவர் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்தது.

மறுநாள் மதியம் மேகம் கூடியது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கைப் பார்த்து அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"டீசல் போட்டுக்கலாமா?"

"பாலம் தாண்டிப் போட்டுக்கலாம். வெளிச்சம் போறதுக்குள்ள மழையத் தாண்டிடணும். ஓட்டு, ஓட்டு."

பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தவர் டீசல் முள்ளைப் பார்க்கவில்லை. பாலத்துக்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு கையைக் காட்டி நிறுத்தினார். ஆறு பாலத்தைத் தொட்டு ஓடுகிறது, தண்ணீர் இறங்கும்வரை யாரும் போக முடியாது என்றார். பின்னால் திரும்பிப் போகும் சாலையிலும் மரம் விழுந்து கிடந்தது. முன்னே ஐந்தாறு லாரி, பின்னே சில கார். நடுவில் இவர்கள்.

மழை பிடித்துக்கொண்டது. மீட்டரில் பேனலின் எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்து அங்கேயே கிடந்தது. அவர் ஒவ்வொன்றாக அணைத்தார். ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் மோட்டார். கடைசியில் மனைவியின் போன் சார்ஜரையும் பிடுங்கினார். அவள் குடத்தில் இருந்த தண்ணீரை மொண்டு முகம் கழுவிக்கொண்டாள்.

"இன்ஜினைப் போடு. அதுலயிருந்து பேட்டரிக்கு ஏறட்டும்."

போட்டாள். உறுமிக்கொண்டே இருந்தது. ஏறுகிற மாதிரி இருந்தது, ஆனால் பெட்டி அதைத் தின்றுகொண்டே இருந்தது. டீசல் முள் சிவப்பைத் தொட்டதும் அவள் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்தின?"

"இதுக்கு மேல போனா பாலம் திறந்தாலும் நாம இங்கயேதான் உக்காந்திருக்கணும். முட்டை பொரிச்சு, குஞ்சு வளந்து, அது பறந்து போயிடும். நாம இங்கயே இருப்போம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. லாரிக்காரர்களிடம் டீசல் கேட்கக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எல்லாருடைய டேங்கும் அளவாகத்தான் இருந்தது. ஒருவர் மட்டும் பரிதாபப்பட்டு ஒரு கேனில் கொஞ்சம் தந்தார். அக்கரைப் பங்க் வரை போகப் போதும், வண்டியை ஓடவிட்டு எரிக்கப் போதாது. நனைந்து திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தார். சரியாகப் பாதி.

இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த கோடு அது. கை சுவிட்சின் மேல் போயிற்று. பெட்டியை அணைத்தால் பேட்டரி பிழைக்கும். கண்ணாடி வழியாக முட்டைகளைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"போனாப் போகுது," என்றார், யாரிடமோ சொல்வது போல.

பொழுது விடிந்தபோதும் மழை விடவில்லை. கூரையில் ஏறி, பேனலில் ஒட்டிய இலைகளைத் துணியால் துடைத்தார். மேலே வெளிச்சமே இல்லாதபோது துடைத்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்கே தெரியும். சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இறங்கி வந்து ஈரத்தோடு நின்றபோது இன்வெர்ட்டர் கீச்சிட்டது. ஒரு முறை, இன்னொரு முறை, பிறகு விடாமல். பிறகு ஓசை நின்றது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அவர் கட்டிலைத் தூக்கினார், ஒயரை அசைத்தார், சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் இல்லை. பேட்டரி செத்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. "கரண்ட் இல்லையே, கரண்ட் இல்லையே," என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். முட்டைக்கு என்ன வேணும்? சூடுதானே?"

"ஆமா."

"சூடுதானே வேணும், கரண்ட் எதுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஏற்கெனவே கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். சிலிண்டர் கிட்டத்தட்ட நிறைய இருந்தது. நேற்றிலிருந்து அவர் தவித்த நேரமெல்லாம் அது அவர் காலடியில்தான் இருந்தது. அவர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

தண்ணீரைச் சூடாக்கி பாட்டில்களில் ஊற்றினாள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, துணியில் சுற்றி, பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். தெர்மாமீட்டர் சர்ரென்று மேலே போனது. அவர் அலறினார். "எடு, எடு! வெந்துடும்!" எடுத்ததும் சரிந்தது. வைத்தால் ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது. நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது.

மகளுக்குப் போன் செய்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

"உடம்போட ஒட்டி வச்சுக்கோங்கப்பா," என்றாள் மகள். "மனுஷ உடம்புச் சூடும் அதுக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய ஒண்ணுதான். மேல கம்பளி போத்திக்கோங்க. ஆனா ஆடாம அசையாம இருக்கணும். நசுங்கிடும்."

"நானா?"

"நீங்களும் அம்மாவும். ஆளுக்கு மூணு."

மனைவி தன் பங்கை மார்போடு வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தாள். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்தார். வயிற்றின் மேல் மெல்லிய துணிக்குள் மூன்று முட்டை, அதன் மேல் இரண்டு கம்பளி. அவள்தான் போர்த்திவிட்டாள்.

"இப்ப அப்படியே இருங்க."

அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு வாய்த்ததில்லை. மீட்டர் தலைக்குப் பின்னால் இருந்தது, திரும்ப முடியாது. கூரை மேல் மழை குறைகிறதா கூடுகிறதா என்று காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சு விட்டால் முட்டைகள் ஏறி இறங்கின. மூச்சை அடக்கிப் பார்த்தார், தலை சுற்றியது. மூக்கு அரித்தது. வேர்வை முட்டையில் பட்டால் ஆகாதோ என்று பயம் வந்தது. தான் பயந்து பயந்து உடம்பு ஜில்லிட்டுப் போனால் முட்டையும் ஜில்லிட்டுப் போகுமே என்று அதற்கும் பயந்தார்.

"மீட்டர் என்ன காட்டுது?"

"ஒண்ணும் காட்டல. பேசாம படுங்க."

"பேனல்ல ஏதாவது வருதா?"

"என்னங்க, கோழி இப்படியா கேள்வி கேக்குது?"

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு குலுங்கும் என்று உதட்டைக் கடித்து அடக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் கையைத் தூக்க முடியவில்லை.

அவள் முன்னிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். பேருந்தில் வாந்தி எடுத்த பிள்ளைகளைப் பற்றி, அவர்களுடைய மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கப் போய்விட்டு அவர் தாமதமாக வந்ததைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். எப்போது மூச்சு ஒரே சீராக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

உச்சிவேளை தாண்டி மேகம் கிழிந்தது. "வெயிலு!" என்றாள் அவள். அவர் எழுந்திருக்கவில்லை. "நீயே பாரு," என்றார். பேனலில் எண் ஏறியது. இன்வெர்ட்டர் முனகிக்கொண்டு உயிர் பெற்றது. பெட்டி சூடாகி நிலைத்த பிறகுதான், ஒவ்வொரு முட்டையாக எடுத்து உள்ளே வைத்தார்கள். அவர் எழுந்தபோது முதுகு மரக்கட்டையாகியிருந்தது.

வெயில் சாய்வதற்குள் பாலத்தைத் திறந்தார்கள். அக்கரையில் டீசல் போட்டுக்கொண்டு, இன்ஜினை அணைக்காமலே காப்பகம் வரை ஓட்டினாள்.

ஆறில் நான்கு பொரித்தன. மற்ற இரண்டும் எதனால் பொரிக்கவில்லை, பெட்டி அணைந்த அந்தக் கொஞ்ச நேரத்தாலா, இல்லை முதலிலேயே உயிர் பிடிக்கவில்லையா என்று மகளைத் துளைத்து எடுத்தார். "தெரியலப்பா" என்பதுதான் அவளால் சொல்ல முடிந்த உண்மை. அது அவரை ரொம்ப நாள் அரித்தது. பேட்டரி இரண்டும் தேறவில்லை. மாற்ற வேண்டியதாயிற்று. அதைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில வாரம் கழித்து மகள் வீடியோ அனுப்பினாள். நான்கு குஞ்சும் வரிசையாக ஒரு குட்டையில் இறங்குகின்றன. மனைவி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவர் போனை வாங்கி, கண்ணைச் சுருக்கி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தத் தண்ணி கொஞ்சம் ஆழமாத் தெரியுதே?"